ஆறு ரகரம் ஒலிக்கும் மலை

ஊட்டியில் பள்ளி நடத்திய ஜி.யு. போப், நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் மொழிக்கும் ஒரு சுருக்கமான இலக்கணம் எழுதினார். தோடர் பற்றி மார்ஷல் எழுதிய நூலின் பிற்சேர்க்கையாக 1873-இல் அது வெளிவந்தது. 1935-இல் நீலகிரிக்கு வந்த மொழியியலாளர் எம்.பி. எமனோ மூன்றாண்டுகள் தங்கி, தோடர், கோத்தர், படகர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதினார். படக மொழியில் நாக்கை மடித்து ஒலிக்கும் உயிரொலிகள் இருப்பதை 1939-இல் அறிவித்தார். தோட மொழியில் ரகரம் மட்டும் ஆறு வகை என்பதை 1996-இல் பாஸ்கரராவ், லேடிஃபோகட் குழு கருவிகள் கொண்டு அளந்து காட்டியது.

தேர்ந்த காதுகளுக்கே இவ்வளவு காலம் பிடித்த மலையில், ஒரு குழந்தையின் பேச்சில் குறை இருக்கிறதா என்று யார், எப்படிச் சொல்வது?

கேள்வி பழங்குடிகளோடு முடிவதில்லை. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத் தமிழர் இங்கே குடியேறினர். அவர்களுக்கு வேலை தர அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. கூடலூர் வகுப்பறையில் பணிய மொழி, மலையாளம், கன்னடம், இலங்கைத் தமிழ் எல்லாம் ஒரே பெஞ்சில் உட்காரும்.

இந்தக் கேள்விக்கு விடை தேடும் துறையும் அருகில்தான் வளர்ந்தது. முதுமலை வழியாக இறங்கினால் வரும் மைசூரில், 1965-இல் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் தொடங்கப்பட்டது. பேச்சுப் பயிற்சி என்பது இந்தியாவில் ஒரு தொழிலாக வேரூன்ற அது பெரிதும் உதவியது.

இன்று பேச்சுப் பயிற்சித் துறை ஏற்றுக்கொண்ட நெறி தெளிவானது. ஊரே 'பளம்' என்று சொல்லும்போது குழந்தையும் அப்படிச் சொன்னால் அது வட்டார வழக்கு. 'காக்கா' என்பதை ஐந்து வயதிலும் 'தாத்தா' என்று சொல்லி, வீட்டு மொழியிலும் ககரம் வராமல் திணறினால், அந்தக் குழந்தைக்கு உதவி தேவை. ஆகவே பயிற்சியாளர் முதலில் வீட்டுப் பெரியவர்களைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும்.

வீட்டாரிடம் கேட்டறிய எளிய கருவி ஒன்றும் உண்டு. 2012-இல் ஷெரின் மெக்லியாட் குழு வெளியிட்ட வினாத்தாள், பெற்றோரிடம் ஏழே கேள்விகள் கேட்கிறது: பிள்ளை பேசுவது உங்களுக்குப் புரிகிறதா, வீட்டாருக்கு, உறவினருக்கு, நண்பர்களுக்கு, தெரிந்தவர்களுக்கு, ஆசிரியருக்கு, முன்பின் தெரியாதவருக்கு? கொழுந்து பறித்துத் திரும்பும் தாய் தன் மொழியிலேயே இதற்குப் பதில் சொல்லிவிடலாம்.

சிகிச்சைக்கும் வீட்டு மொழியே வழி. "வீட்டில் தமிழ் மட்டும் பேசுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்வது குழந்தையின் பேச்சைத் திருத்தாது. பாட்டியோடு அது பேசுவதைத்தான் குறைக்கும். வராத ஒலி வீட்டு மொழியிலும் இருந்தால், பயிற்சிக்கான முதல் சொற்களை அங்கிருந்தே எடுக்கலாம்.