லயமும் நிலமும்

பட்டணம் வளர்கிறதென்றால் மகிழ வேண்டியதுதான். ஆனால் வளரும் பட்டணத்தில் யார் நிலைத்திருக்கிறார்கள், யார் பெயர்த்தெறியப்படுகிறார்கள் என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டாமா? இதற்கு விடை கூற மலாக்காவின் சரித்திரமே போதுமானது.

மலாக்காப் பட்டணத்தில் ஒரே வீதியில் பொய்யாத விநாயகர் கோயிலும், கம்போங் கிளிங் பள்ளிவாசலும், செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அண்டை அயலாக நிற்கின்றன. விநாயகர் கோயில், டச்சுக்காரர் ஆட்சியில் செட்டிகளின் தலைவர் தவிநாயகர் செட்டிக்கு அளிக்கப்பட்ட நிலத்தில் 1781-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. டச்சுக்காரர் போயினர், ஆங்கிலேயரும் போயினர். கோயில் இருக்கிறது, காஜா பேராங்கில் மலாக்காச் செட்டிகளின் ஊரும் இருக்கிறது. அவர்களுடைய வீட்டுப் பேச்சு மலாயாக மாறிவிட்டபோதிலும் அவர்கள் வேரற்றுப் போகவில்லை. நாம் இங்குச் சொல்ல வருவது கோயிலின் பெருமையையன்று. ஊன்றி நிற்க நிலம் இருந்ததன் பெருமையையே.

இனித் தோட்டத்தின் கதையைப் பார்ப்போம். அதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896-ஆம் ஆண்டு டான் சே யான் என்பவர் ரப்பர் பயிரிட்டார். இந்நாட்டில் வியாபாரத்திற்காக ரப்பர் நடப்பட்டது அதுவே முதல் தடவை. பிறகு தோட்டங்கள் பெருகின. நம்மவர் கப்பலேறி வந்து, காட்டை அழித்து, பால் வெட்டினர். ஆனால் வேலை உள்ளவரைதான் லயம். வேலை போனால் வீடும் போயிற்று. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுகளாக்கி விற்றனர். தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு சாலையில் நின்றன. இதுவே தோட்டத் துண்டாடல்.

அழுதுகொண்டிருப்பதால் பயனென்ன? 1960-ஆம் ஆண்டு வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் நூறு வெள்ளிப் பங்கைச் சிறு தவணைகளாகச் செலுத்தினர். அந்தச் சேமிப்பைக்கொண்டு கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னர் வேறு தோட்டங்களும் வாங்கப்பட்டன. நேற்றுவரை கூலி என்று அழைக்கப்பட்டவன் தோட்டத்தின் பங்காளியானான்! எல்லாத் தோட்டங்களையும் சங்கம் காப்பாற்றிவிடவில்லை. ஆயினும் வழி இன்னதென்று காட்டிற்று.

தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்து 1990-இல் சட்டம் வந்தது. நல்லதே. ஆனால் தரமான வீடு வேறு, சொந்த வீடு வேறு. இன்று தோட்டங்கள் வீடமைப்பு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறுகின்றன. அம்மண்ணைப் பண்படுத்தியவர்களுக்கு அங்கேயே சொந்த வீடும், பிள்ளைகளின் பள்ளிக்குப் பட்டாவும் கிடைத்த பிறகே அளவுகோல் எடுக்கப்பட வேண்டும் என்கிறோம். இது பிச்சையன்று, பாக்கி. அதைக் கேட்டுப் பெறுவதற்கு நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தவர்களின் ஒற்றுமை நமக்கு வேண்டும்.