தண்டவாளம் சென்ற வழி: வட சிலாங்கூர்த் தமிழரும் இரும்புப் பாதையும்

கோலசிலாங்கூரில் இன்று ரயில் நிலையம் இல்லை. மெலாவாத்தி குன்றின் கலங்கரை விளக்கத்தையும் கம்போங் குவாந்தானின் மின்மினிகளையும் காண வருவோரும், ஆலயத் திருவிழாவுக்கு வரும் அன்பர்களும் சாலை வழியாகவே வந்து சேருகின்றனர். ஆயினும் இவ்வட்டாரத்துத் தமிழரின் வரலாற்றை இரும்புப் பாதையை ஒதுக்கிவிட்டு எழுத இயலாது. கிள்ளானிலிருந்து காப்பார் நோக்கி வருவோர் சாலையோரப் பெயர்ப்பலகைகளைச் சற்று உற்றுப் பார்த்தால் 'ஜாலான் கெரெத்தாப்பி லாமா' என்ற பெயரைக் காணலாம். பழைய ரயில் பாதை என்பது அதன் பொருள். ஒரு காலத்தில் இக்கடற்கரைப் பகுதிக்கும் கிளைப்பாதை இருந்ததற்கு அப்பெயரே சாட்சியாய் நிற்கின்றது. தண்டவாளம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. எட்டு மைல் தூரமே கொண்ட அப்பாதையை அமைப்பதில் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் பெரும் பங்காற்றினர். அடுத்த ஆண்டே, 1886 செப்டம்பரில், சிலாங்கூரின் முதல் பாதை கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையின் புக்கிட் கூடா வரை திறக்கப்பட்டது. பின்னர் ஆற்றைக் கடந்து கிள்ளானையும், போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்தையும் அது எட்டியது. ஈயம் ஏற்றிச் செல்லவே இப்பாதைகள் போடப்பட்டன என்பது உண்மை. ஆனால் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோர், துறைமுகத்துத் தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்தபின் முதன்முதலில் கேட்ட மலாயாவின் ஓசைகளுள் இந்த ரயிலின் ஊதலும் ஒன்று.

அப்பாதைகளை அமைக்கத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டி வரும் பணியில் ஈடுபட்டவர் கா. தம்புசாமிப் பிள்ளை. 1850 இல் சிங்கப்பூரில் பிறந்து, கோலாலம்பூரில் பெருஞ்செல்வராய் விளங்கி, 1902 இல் மறைந்தவர். லோக் யூவுடன் கூட்டாக ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தி, 1894 இல் அவ்வூருக்கு மின்விளக்கு வரக் காரணமாயிருந்தவரும் இவரே. பக்தர்களுக்கோ இவர் வேறு வகையில் அறிமுகமானவர். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை 1873 இல் நிறுவியவர். பத்துமலையில் முருகப் பெருமானுக்கு வழிபாடு தொடங்கக் காரணமானவர். மாரியம்மன் முதலில் எழுந்தருளியிருந்த இடம் இன்றைய பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் அருகில்தான். 1885 இல்தான் அம்பாள் இப்போதுள்ள இடத்திற்கு மாறினாள். 1910 இல் ஹப்பாக் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த வெண்ணிற மாடங்களையுடைய நிலையத்தைப் படம் பிடிக்க வரும் ரயில் ஆர்வலர்களுள், அருகேயே அம்மனின் ஆதி இருப்பிடம் இருந்ததை அறிந்தவர் சிலரே.

தண்டவாளமும் தெய்வமும் அருகருகே இருப்பது தற்செயல் அன்று. பாதை போட்டவர், சிலிப்பர் கட்டை சுமந்தவர், எஞ்சினுக்குக் கரி அள்ளியவர் ஆகியோருள் பெரும்பாலோர் தமிழர். நிலைய அதிபர்களாகவும் கிராணிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணிபுரிந்தனர். பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலை எழுப்பியவர்களும் அச்சமூகத்தாரே. செந்தூல் பணிமனையைச் சுற்றித் தமிழ்க் குடியிருப்பு வளர்ந்தது. சிங்கப்பூரில் 1932 இல் ரயில் தொழிலாளர் பாதையோரத்தில் குடிசையாக அமைத்த முனீஸ்வரன் சந்நிதி, இன்று குவீன்ஸ்டவுனில் பெரும் ஆலயமாய் விளங்குகின்றது. அதன் அருகே ஓடிய ரயில் 2011 ஜூன் 30 ஆம் நாளோடு நின்றுபோனது. முனியாண்டி மட்டும் இடம் பெயரவில்லை.

வட சிலாங்கூரிலிருந்து ரயில் பார்க்கப் புறப்படுவோருக்கு முதலில் சொல்லத் தக்க இடம் பத்துமலை. அங்குள்ள சுண்ணாம்புக் கல்லை ஏற்றிவரப் போடப்பட்ட கிளைப்பாதை, தைப்பூச நாட்களில் காவடிகளையும் சுமந்தது. இப்போதைய மின்சார ரயில் 2010 இல் வந்தது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கோவில் வளாகம்; நிமிர்ந்தால் 2006 இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் திருவுருவம். அப்பால் 272 படிகள். மூலவர் சந்நிதிக்கு இத்தனை நெருக்கமாகச் செல்லும் ரயில் இந்நாட்டில் அரிது. கோலசிலாங்கூர் வட்டாரத்தார் சுங்கை பூலோவிலோ ரவாங்கிலோ வண்டியை நிறுத்திவிட்டு, இடையில் ஒருமுறை ரயில் மாறி, நெரிசலில்லாமல் போய்வரலாம்.

அடுத்தது குவாங். இன்று கொம்யூட்டர் ரயில் ஒரு நிமிடம் நின்று செல்லும் சிறு நிலையம் அது. முன்பு இங்கிருந்துதான் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்திற்குக் கிளை பிரிந்தது. 1915 இல் வெட்டத் தொடங்கிய அச்சுரங்கத்தின் தலையாய வாடிக்கையாளர் ரயில்வே நிர்வாகமே. மலாயாவின் நீராவி எஞ்சின்கள் நெடுங்காலம் உண்டு ஓடியது பத்து ஆராங் கரியைத்தான். சீனரும் தமிழரும் சுரங்கத்தில் உழைத்தனர்; 1937 வேலைநிறுத்தம் ஆட்சியாளரையே நடுங்க வைத்தது. எண்ணெய் மலிந்து, டீசல் எஞ்சினும் வந்த பின் 1960 இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அங்கே செங்கல் புகைபோக்கியும், இடிந்த சூளைகளும், நீர் நிறைந்த பள்ளங்களும் உள்ளன. அக்கரியில் ஓடிய எஞ்சின் எப்படியிருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால், கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்து வெளிமுற்றத்தில் நிற்கும் 'தெமர்லோ' என்னும் நீராவி எஞ்சினைக் காட்டலாம்.

தோட்டங்களுக்குள்ளும் தண்டவாளம் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை அருகேயுள்ள தென்னமரம் தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கின்றது. 1917 இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்கேதான் உருவாயிற்று. அதை உருவாக்கிய ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், சிலாங்கூர் ஆற்றங்கரையின் ரந்தாவ் பாஞ்சாங்கில் பால்மரத் தோட்டம் நடத்தியவர். தமிழ் பேசக் கற்றவர். பின்னாளில் எழுதிய 'மலேசி' என்னும் நாவலுக்கு 1930 இல் கொன்கூர் பரிசு பெற்றார். பழக்குலையைத் தாமதமின்றி ஆலைக்குக் கொண்டு செல்லாவிடில் எண்ணெயின் தரம் கெடும். ஆதலால் நாட்டின் பெருஞ்செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் குறுகிய பாதைகள் போடப்பட்டுச் சிறு வண்டிகளில் குலைகள் சென்றன. லாரியும் டிராக்டரும் வந்தபின் அவை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கப்பட்டன. பத்தாங் பெர்ஜுந்தை ஊரும் 2007 இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிற்று. பழைய பெயரைத் தோட்டத்துப் பெரியவர்கள் இன்னும் விடவில்லை.

இதுவரை சொன்னவை பார்த்து மகிழும் காட்சிகள். ரயிலைப் பற்றித் தோட்டப்புறத்தில் பேச்செடுத்தால் முதியோர் முகம் வாடுவதற்குக் காரணம் வேறொரு பாதை.

1942 இல் ஜப்பானியப் படை, சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் பாதை அமைக்கத் தொடங்கியது. முதலில் போர்க்கைதிகள் கொண்டு செல்லப்பட்டனர். வேலை விரைவாக முடிய வேண்டுமென்ற நெருக்கடியில் 1943 இல் மலாயாத் தோட்டங்களின் மீது பார்வை திரும்பியது. மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, சோறும் துணியும் உண்டு என்று ஆசை காட்டினர். பால்வெட்டு நின்று, மரவள்ளிக் கிழங்கைத் தின்று, சாக்குத் துணி உடுத்திக் கொண்டிருந்த மக்களில் சிலர் அதை நம்பினர். நம்பாதவர்களை லாரிகளில் அள்ளிச் சென்றனர். சந்தைக்குப் போனவரும் படம் பார்க்கப் போனவரும் வீடு திரும்பாத கதைகள் சிலாங்கூர்த் தோட்டங்களில் வழிவழியாய்ச் சொல்லப்பட்டு வருகின்றன.

மூடிய சரக்குப் பெட்டிகளில் அவர்கள் அடைக்கப்பட்டனர். கோலாலம்பூர் கடந்து, பாடாங் பெசார் எல்லை கடந்து, நாட்கணக்கில் பயணம். பான் போங்கில் இறக்கப்பட்டு, அங்கிருந்து காட்டுக்குள் நடை. மழைக்காலம் தொடங்கியபோது வாந்திபேதி பரவிற்று. போர்க்கைதிகளிடம் இராணுவ மருத்துவர்களாவது இருந்தனர்; இறந்தோர் பெயரைக் குறித்து வைக்க அதிகாரிகளும் இருந்தனர். தோட்டத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. மலாயாவிலிருந்து சென்றோர் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர் எனவும் அவர்களுள் பெரும்பாலோர் தமிழர் எனவும் போருக்குப் பிந்திய கணக்குகள் கூறுகின்றன. ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் தொகை ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் என மதிப்பிடப்படுகின்றது. 1943 அக்டோபரில் இருமுனைத் தண்டவாளங்களும் இணைந்தன. அத்தண்டவாளங்களிலும் ஒரு பகுதி மலாயாவிலிருந்து போனவையே: மலாக்கா கிளையும் கிழக்குக்கரைப் பாதையின் நெடுந்தொலைவும் பெயர்க்கப்பட்டு வடக்கே கொண்டு செல்லப்பட்டன. ஆட்களையும் எடுத்தனர், இரும்பையும் எடுத்தனர். போருக்குப் பின் சயாம் பகுதிப் பாதை 12.5 லட்சம் பவுனுக்குத் தாய்லாந்திற்கு விற்கப்பட்டது. உழைத்து மாண்டவர்தம் தோட்டத்துக் குடும்பங்களை அப்பணம் எட்டவில்லை.

தமிழில் இக்கொடுமை நெடுநாள் வாய்மொழியாகவே இருந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993 இல் வெளிவந்த பின்னரே இளைய தலைமுறையினர் பலர் தத்தம் பாட்டன்மார் சென்ற திசையை அறிந்தனர்.

அப்பாதையில் நோங் பிளாடுக்கிலிருந்து நாம் தோக் வரை 130 கிலோமீட்டர் இன்றும் பயணிகள் ரயில் ஓடுகின்றது. உலகெங்கிலுமிருந்து ரயில் ஆர்வலர் அங்கே குவிகின்றனர். காஞ்சனாபுரிப் பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்கள் போர்க்காலத்தவை. நேர்கோட்டில் அமைந்தவை, குண்டுவீச்சில் உடைந்ததற்கு மாற்றாகப் பின்னர் வைக்கப்பட்டவை. தாம் கிராசேயில் மலைமுகட்டை ஒட்டி மரத்தூண்களின் மேல் ரயில் ஊர்ந்து செல்லும்போது பயணிகள் சன்னல் வழியே கைநீட்டிப் பாறையைத் தொடுவர். கீழே ஆறு. படம் எடுக்க மிக அழகான இடம். அத்தூண்களை நட்டவர் யார் என்று கேட்பவர் குறைவு.

நகரின் நடுவே நேச நாட்டு வீரர்களின் கல்லறைத் தோட்டம் புல்வெளியும் பூவுமாய்ப் பராமரிக்கப்படுகின்றது. ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. அங்கிருந்து சிறிது தூரத்தில் வாட் தாவோர்ன் வராராம் என்னும் பௌத்த ஆலயம். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளரின் எச்சங்களைத் திரட்டிப் புதைத்த இடத்தின்மேல் அங்கே ஒரு தூபி எழுப்பப்பட்டுள்ளது. கல்லறைத் தோட்டத்தைக் காணும் பேருந்துகள் பெரும்பாலும் இங்கு நிற்பதில்லை.

அவ்வாலய வளாகத்தில் 2023 மே முதல் நாள், தொழிலாளர் தினத்தன்று, மாண்ட தமிழருக்காக ஒரு நடுகல் திறந்து வைக்கப்பட்டது. மலேசியத் தமிழர் முயன்று எழுப்பியது அது. தமிழ்நாட்டரசும் நிதி நல்கியது. போரில் வீழ்ந்தவனுக்கும் ஆநிரை மீட்கச் சென்று மாண்டவனுக்கும் ஊரார் கல் நட்டு வழிபட்டது பண்டைத் தமிழ் வழக்கம். பாடாங் பெசாரில் ரயில் மாறி வடக்கே செல்லும் அன்பர்கள் கிளைப்பாதை ரயிலில் காஞ்சனாபுரி அடையலாம். தாத்தா எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதை வீட்டில் கேட்டுக் குறித்துக்கொண்டு சென்றால், அந்தக் கல்லின் முன் சொல்லி விளக்கேற்ற ஓர் ஊர்ப் பெயராவது கையில் இருக்கும்.