எட்டு நாள் ஜனாதிபதி

1974, ஜூலை 15. சைப்ரஸ் தீவின் தலைநகர் நிகோசியா. ஜனாதிபதி மாளிகையில், எகிப்திலிருந்து வந்திருந்த கிரேக்கப் பள்ளிக் குழந்தைகளோடு பேசிக்கொண்டிருந்தார் மகாரியோஸ். மனிதர் ஜனாதிபதி மட்டுமல்ல, தீவின் ஆர்ச் பிஷப்பும் அவர்தான். திடீரென்று வெளியே டாங்கிகள், துப்பாக்கிச் சத்தம். சுட்டது யார்? எதிரி நாடா? அதுதான் இல்லை. அவருடைய சொந்த தேசியக் காவல்படை!

மகாரியோஸ் செத்துட்டார் என்று ரேடியோ அறிவித்தது. அவரோ பின்பக்கமாகத் தப்பி, பாஃபோஸ் நகருக்குப் போய், அங்கிருந்த ஒரு ரேடியோவில் தானே பேசிவிட்டார்!

சரி, சொந்தப் படை ஏன் சுட்டது? படைதான் சைப்ரஸுடையது. அதை நடத்திய அதிகாரிகள் கிரீஸ் நாட்டுக்காரர்கள். கிரீஸில் அப்போது ராணுவ ஆட்சி. தீவில் ஐந்தில் நான்கு பேர் கிரேக்கர்கள். ஆகவே அதை கிரீஸோடு சேர்த்துவிட வேண்டும் என்பது பழைய கனவு. மகாரியோஸும் ஒரு காலத்தில் அதே கனவு கண்டவர்தான். 1960ல் பிரிட்டனிடமிருந்து சுதந்தரம் வந்தபிறகு, மெல்ல மெல்ல, தனிநாடே போதும் என்று மாறிவிட்டார். ஜூலை 2ம் தேதி ஏதென்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்: உங்கள் அதிகாரிகளைத் திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வந்த பதில்தான் டாங்கி.

புதிய ஜனாதிபதியாக அவர்கள் பிடித்து உட்காரவைத்தது நிகோஸ் சாம்ப்சனை. 1963 கலவரத்தில் துருக்கியர்களைத் தாக்கிய ஆயுதக் குழுவின் தலைவர். தீவின் துருக்கியர்களுக்கு வயிற்றைக் கலக்காதா? ஏற்கெனவே அந்தக் கலவரத்துக்குப் பிறகு ஊர் ஊராக ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

துருக்கிக்கு இது போதாதா? 1960 ஒப்பந்தப்படி பிரிட்டன், கிரீஸோடு அதுவும் ஓர் உத்தரவாத நாடு. அந்த உரிமையைச் சொல்லி, ஜூலை 20 அன்று படையை இறக்கியது. 23ம் தேதி சாம்ப்சன் ராஜினாமா. ஏதென்ஸில் ராணுவ ஆட்சியும் அன்றே காலி. ஆனால் துருக்கிப் படை திரும்பிப் போகவில்லை. ஆகஸ்டில் மீண்டும் முன்னேறி, தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டது.

கணக்கு பார்த்துவிடலாமா? வரவு: எட்டு நாள் பதவி. செலவு: கிரேக்கர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் தெற்கே ஓடினார்கள். துருக்கியர்கள் பல்லாயிரம் பேர் வடக்கே போனார்கள். இரு தரப்பிலும் காணாமல் போனவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். தீவு முழுவதையும் கிரீஸோடு சேர்க்கக் கிளம்பியவர்கள், அதை இரண்டாகக் கிழித்துப் போட்டதுதான் மிச்சம்.

2003ல்தான் எல்லை திறந்தது. இருபத்தொன்பது வருடம் கழித்து ஜனங்கள் கோட்டைத் தாண்டிப் போய், தாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டுக் கதவையே தட்டினார்கள். திறந்தது வேறு யாரோ.