குடிமராமத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும்: தாமிரபரணிப் படுகையில் இளந்தன்னார்வலர் பணியின் வரலாற்று இடம்

முன்னுரை

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கி.மீ. நீளமே உடையது. இக்குறுகிய தொலைவுக்குள் எட்டு அணைக்கட்டுகளும், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும், அக்கால்வாய்களால் நிரம்பும் குளங்களும் அமைந்துள்ளன. அண்மைக் காலத்தில் இக்குளக்கரைகளில் கல்லூரி மாணவர்களும் இளைஞர்களும் கூடி, நெகிழிக் கழிவுகளை அகற்றுதல், கரையில் மரம் நடுதல், பறவைகளைக் கணக்கெடுத்தல் ஆகிய பணிகளைச் செய்துவருகின்றனர். இத்தகைய பணிகளைப் பழைய குடிமராமத்தின் மறுமலர்ச்சியாகக் காணும் போக்கு உள்ளது. இவ்விரண்டும் பொறுப்பிலும் உரிமையிலும் வேறுபட்டவை என்பதையும், தன்னார்வலர் பணியின் தனிப்பயன் எதில் அமைந்துள்ளது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அணைக்கட்டும் குளமும்

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்பன எட்டு அணைக்கட்டுகள். இவற்றுள் திருவைகுண்டம் ஒழிந்த ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய் திருநெல்வேலி நகரின் நயினார்குளத்திற்கு நீர் தருகிறது. திருவைகுண்டம் தென்கால் கடம்பாகுளத்தை நிரப்புகிறது. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்த பின்னரே அடுத்த குளத்திற்கு நீர் செல்லும் அமைப்பு பல இடங்களில் உண்டு. ஆதலின் ஒரு மடையோ கால்வாயோ பழுதுற்றால் அதன் விளைவு கீழ்ப்பகுதி ஊர்களையும் தாக்கும். இவ்வமைப்பைப் பேணுவது ஓரூரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று.

குடிமராமத்தின் இயல்பு

குடிமராமத்து என்பது ஆயக்கட்டுதாரர் தம் பாசன அமைப்பைத் தாமே செப்பனிடும் வழக்கம். மழைக்கு முன் கால்வாய் வெட்டுதல், கரையை உயர்த்துதல், வண்டலை எடுத்து வயலில் இடுதல் ஆகியன அதன் பணிகள். நீரில் பங்குடையவர் உழைப்பிலும் பங்களிக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி தரவேண்டிய உழைப்பைத் தர மறுப்போர் தண்டத்தொகை செலுத்த வகைசெய்தது. ஒரு வழக்கத்தைக் காக்கச் சட்டத்தின் துணை வேண்டப்பட்டது என்பதே, அது நல்லெண்ணத்தால் மட்டும் இயங்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

மண்வெட்டி பிடித்தவர் அனைவரும் நிலமுடையவராகவும் இருந்திலர். நிலமற்ற உழைப்பாளர் பலரும் இப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட தம் நூலில், தன்னிறைவுடைய கிராம மரபு என்னும் கருத்தாக்கத்தில் காலனிய ஆட்சிக்கும் பங்குண்டு எனக் காட்டினார். தாமிரபரணிப் படுகையைக் குறித்துப் பேசுவோரும் இவ்வெச்சரிக்கையைக் கருத்தில் கொள்ளுதல் தகும்.

நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு

இன்றைய தன்னார்வலர் பலருக்கு ஆயக்கட்டில் நிலமில்லை, நீர்ப்பங்கும் இல்லை. அவர்கள் பணியின் இயல்பை விளக்க, 2011 முதல் நடைபெற்றுவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தக்க சான்றாகும். மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், உள்ளூர் இயற்கை ஆர்வலர் அமைப்புகளுடன் இணைந்து, தை மாதத்தை ஒட்டி இதனை நடத்துகிறது. பங்கேற்போர்க்குப் பறவைகளை இனங்காணும் பயிற்சி அளிக்கப்படுகிறது. பின்னர் அனுபவமிக்கோர் தலைமையில் குழுக்களாகப் பிரிந்து குளங்களுக்குச் சென்று, பறவை இனங்களையும் எண்ணிக்கையையும் பதிகின்றனர். குளங்களுக்கு நேரும் இடையூறுகளும் குறிக்கப்படுகின்றன.

இப்பதிவு குளத்தின் நிலையை அறிய உதவுகிறது. கூழைக்கடாவிற்கு மீன்வளமுள்ள நீர்ப்பரப்பு வேண்டும். உள்ளான்களுக்கு ஆழமற்ற சேற்று விளிம்பு வேண்டும். மஞ்சள் மூக்கு நாரைக்குக் கூடு கட்ட மரங்கள் வேண்டும். குளம் முழுவதையும் ஒரே ஆழத்திற்குத் தோண்டி, உள்ளிருக்கும் நாட்டுக் கருவேல மரங்களை அகற்றிவிட்டால், நீர்க்கொள்ளளவு கூடினும் இவ்வாழிடங்கள் அழியும். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் தூர்வாரலும் கேடாக முடியலாம் என்பதை உணர்த்தவல்லது இத்தகைய பதிவே.

எனினும் ஓராண்டின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு கூறுதல் இயலாது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் குளங்கள் வறண்டு பறவைகள் குறையும்; மிகுந்த ஆண்டில் அவை பரந்துபட்ட நீர்நிலைகளில் பிரிந்து தங்கும். பல்லாண்டுத் தொடர்ச்சியே இப்பதிவிற்கு மதிப்பைத் தருகிறது.

கூந்தன்குளத்தின் படிப்பினை

1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளம், 2022இல் ராம்சார் நிலங்களின் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அங்கு வீட்டு முற்றத்து மரங்களிலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளாதிருக்க ஊரார் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்துவருகின்றனர். ஆண்டு முழுவதும் நிகழும் இக்காவல் ஊரில் வாழ்வோராலேயே இயலும். வந்து செல்லும் தன்னார்வலர் அவர்களுக்குத் துணையாகலாம். அவர்கள் இடத்தை நிரப்பவியலாது.

அரசின் பொறுப்பு

தன்னார்வ உழைப்பு தீர்க்கவியலாத சிக்கல்களும் உள. ஆற்றுமணல் கொள்ளைக்கு எதிராக இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது. ஆற்றங்கரையைத் தூய்மை செய்வோர் எத்துணைப் பேராயினும் இத்தகைய தடையை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. நகரக் கழிவுநீர் ஆற்றில் கலப்பதும் இவ்வாறே உள்ளாட்சியின் பொறுப்பில் அடங்குவது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே நீர்நிலைச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் செலவில் பெரும்பகுதி அரசு நிதியே. பழம்பெயர் நிலைபெற்றிருப்பினும் பொறுப்பின் அமைப்பு மாறிவிட்டதை இது காட்டுகிறது.

முடிவுரை

குடிமராமத்து உரிமையோடு பிணைந்த கடமை. தன்னார்வப் பணி உரிமை கோராத உழைப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுங்கால், நிலமற்றோர் உழைப்பின் வரலாறு மறைகிறது. அரசின் இன்றைய கடமையும் இளைஞர் தோளுக்கு மாற்றப்படுகிறது. தாமிரபரணிப் படுகையில் இளந்தன்னார்வலர் ஆற்றிவரும் பணிகளுள் நிலைத்த மதிப்புடையது, 2011 முதல் தொடரும் பதிவே. அப்பதிவு ஆயக்கட்டு விவசாயிகளுக்கும் நீர்வளத்துறைக்கும் தூர்வாருவதற்கு முன்னரே சென்றுசேர வேண்டும். எக்குளத்தில் எப்பகுதியை ஆழப்படுத்துவது, எம்மரங்களை விட்டுவைப்பது என்னும் முடிவுகளில் அது கருதப்படும்போதே கணக்கெடுப்பு பாதுகாப்பாக மாறும்.