பச்சை அட்டையின் கதை

இறுதியாண்டு வந்துவிட்டால் நம்ம ஹாஸ்டலில் 'கிரீன் கார்டு' பேச்சு இல்லாத ராத்திரி உண்டா? அதன் சரித்திரத்தைச் சற்றுப் பார்ப்போம்.

1917-லும் 1924-லும் அமெரிக்கா சட்டம் போட்டு இந்தியர்களுக்குக் கதவைச் சாத்தியது. 1946-ல் லூஸ்-செல்லர் சட்டம் கொஞ்சம் திறந்தது: வருஷத்துக்கு வெறும் 100 பேர்! 1965-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தப் பழைய ஒதுக்கீட்டை ஒழித்து, டாக்டர்களுக்கும் என்ஜினியர்களுக்கும் வழிவிட்டது.

1990-ல் வந்த சட்டம் எச்-1பி என்ற வேலை அனுமதியை உண்டாக்கியது; ஆண்டுக்கு 65,000. இதில் நாட்டுக்கு இவ்வளவு என்ற வரம்பு கிடையாது. ஆனால் நிரந்தரக் குடியிருப்புக்கு, எந்த நாடானாலும் 7 சதவீதம்தான். ஐஸ்லாந்துக்கும் அதே அளவு, இந்தியாவுக்கும் அதே அளவு! உள்ளே போக அகல வாசல், தங்குவதற்கு ஊசிக் காது. வரிசை நீளாமல் என்ன செய்யும்?

என் அறைத் தோழன் 2014-ல் மனுப் போட்டான். இன்னும் வரிசையில்தான் நிக்கிறான். நடுவில் அப்பா தவறியபோது, திரும்ப விசா முத்திரை கிடைக்குமோ என்ற பயத்தில் வரவே இல்லை. கொள்ளி வைத்தது அவன் சித்தப்பா. அவனுடைய பிள்ளைக்கு 21 வயசு ஆவதற்குள் அட்டை வராவிட்டால், அதுவும் தனி மனுவோடு கடைசியில் போய் நிற்க வேண்டி வரலாம்.

தம்பி தங்கைகளே, போக வேண்டாம்னு சொல்லலை. வாசலைப் பார்த்த கண்ணால் வரிசையையும் பார்த்துட்டுப் போங்க.