உலர்பனி: உருகாமல் மறையும் பனிக்கட்டி

லண்டனில் எமது பிறந்தநாள் விழாக்களிலும் உறைந்த உணவுப் பொதிகளிலும் உலர்பனியைக் காண்கிறோம். இது தண்ணீர் அல்ல, திண்மமான காபனீரொட்சைட்டு. சாதாரண அமுக்கத்தில், −78.5 பாகை செல்சியஸில், உருகாமல் நேரே வாயுவாகிறது. பாடசாலையில் பதங்கமாதல் என்று படித்தோமே, அதுதான்.

ஒரு கிலோ உலர்பனி அறை வெப்பநிலையில் 500 லீற்றருக்கும் அதிகமான வாயுவாக விரிகிறது. எனவே அதை இறுக மூடிய போத்தல் வெடிக்கும். 1823இல் லண்டன் றோயல் நிறுவனத்தில், மூடிய கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களைத் திரவமாக்கிய மைக்கல் பரடேயின் கண்களில், குழாய் வெடித்துத் துகள்கள் பாய்ந்தன. காபனீரொட்சைட்டும் அவ்வாண்டு அங்கே திரவமாக்கப்பட்ட வாயுக்களில் ஒன்று.

நாம் காணும் வெண்புகை, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து உண்டாகும் நீர்த்துளிகளே. காபனீரொட்சைட்டுக்கோ நிறமும் மணமும் இல்லை. அது காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. புகை மறைந்த பின்னும் தரையோரம், தவழும் குழந்தைகளின் உயரத்தில் தங்கி மூச்சை முட்டச் செய்யலாம்.

குளிருக்காக யன்னல்களைப் பூட்டிவைப்பது எமது வழக்கம். உலர்பனி வீட்டிலோ காரிலோ இருக்கும்போது அவற்றைத் திறந்து வைப்போம். வெறுங்கையால் தொடாமல், தடித்த கையுறை அணிவோம். மீதியைக் கழுவுதொட்டியில் கொட்டாமல், பிள்ளைகளுக்கு எட்டாத, காற்றோட்டமான வெளியிடத்தில் தானாக மறைய விடுவோம்.