பனங்காடையின் நீலமும் பெங்களூர்த் தமிழரும்

இருப்புப்பாதை ஓரத்துக் கம்பிகளில் பனங்காடை அமர்ந்திருப்பதை நம்மில் பலரும் கண்டிருப்போம். அமர்ந்த நிலையில் மங்கிய பழுப்பாகத் தோன்றும் அப்பறவை, சிறகை விரித்ததும் கண்ணைப் பறிக்கும் நீலமாகிவிடுகிறது. கருநாடக மாநிலத்தின் பறவையும் அதுவே. அந்த நீலத்தின் காரணத்தை ஆராய்ந்தவரும், அத்தகைய பறவைகளைப் படம்பிடித்துப் புகழெய்தியவரும் தமிழ்நாட்டில் பிறந்து இந்நகருக்குக் குடிவந்தவர்கள் என்பது நம் சங்கத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

சர் சி. வி. இராமன் 1933-ல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக இங்கு வந்தார். மறு ஆண்டில் தாம் நிறுவிய விஞ்ஞான அகாடமியின் ஏட்டிலேயே பறவை இறகுகளின் நிறத்தைப் பற்றி எழுதினார். அவர் ஆராய்ந்தவற்றுள் பனங்காடையின் இறகும் ஒன்று. அதில் நீலச் சாயம் ஏதும் இல்லை; இறகினுள் உள்ள நுண்ணிய அமைப்பில் பட்டு மீளும் ஒளியே நீலமாகத் தெரிகிறது. இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலம் மறைந்துவிடும்!

ஆகவே படம்பிடிப்போன் சூரியனைத் தன் முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டு, காலை இளவெயிலுக்குக் காத்திருத்தல் வேண்டும். சொல்வது எளிது. 1936-ல் நிழற்படக் கருவிகளுக்கு வந்த கோடக்குரோம் வண்ணச் சுருளின் வேகம் ஏறத்தாழ 10 மட்டுமே. நல்ல வெயிலிலும் எஃப் 5.6 திறப்பில் 1/80 நொடி தேவைப்பட்டது. பறக்கும் சிறகு அதற்குள் கலங்கிவிடும். எனவே அக்காலத்தார் பறவை தவறாது வந்து அமரும் இடமாகிய கூட்டை நாடினர். கூடோ நிழலில் இருக்கும். வெளிச்சம் விழுவதற்காக மறைப்பு இலைகளை விலக்கினால் குஞ்சுகள் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகும். இக்கலையின் வரலாற்றில் மறைக்கக்கூடாத பக்கம் இது.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996) வண்ணத்தையே நாடவில்லை. 1940-களில் கருநாடகத்துச் சண்டூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய அவர், பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்தி அமைத்த காமிராவால் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். நீலம் இல்லாத பனங்காடை பனங்காடையா என்று எனக்கு ஐயம் உண்டு. எனினும் பறவையின் நிற்கும் நிலையையும் நடையையும் அவ்வளவு நுட்பமாகக் கண்டவர் அரியர்.

1932-ல் தஞ்சாவூரில் பிறந்த டி. என். ஏ. பெருமாள் பெங்களூரில் ஓ. சி. எட்வர்ட்ஸிடம் இக்கலையைப் பயின்று, உலகப் புகழ் பெற்று, 2017-ல் இந்நகரிலேயே மறைந்தார். அவரிடம் பயின்ற இளைஞர் பலர்.

கோடக்குரோம் உற்பத்தி 2009-ல் நின்றுவிட்டது. இப்போதைய காமிராவுக்கு 1/2000 நொடி ஒரு பொருட்டன்று. பறக்கும் பறவையையே பிடிக்கலாம், கூட்டருகே செல்லும் தேவையும் இல்லை. படப்போட்டிகள் பலவும் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. நம் காலனிப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் காமிராவுடன் ஏரிக்கரைக்குப் போகிறார்கள். கிளையை ஒடித்தார்களா என்று பெற்றோர் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.